ஸ்விட்ச் இல்லாத பெடல்

நம்பாதவர்கள் திருத்தணி அரக்கோணம் சாலையில் இறங்கி, தமயந்தியின் ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் கடை எது என்று கேளுங்கள். மேஜை இழுப்பறையில் ஒரு தகர டப்பா இருக்கும். அதற்குள் கட்டைவிரல் கனத்தில், காலால் மிதிக்கும் ஒரு ஸ்விட்ச். அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வந்து, அப்புறம் என்னைப் பொய்யன் என்று சொல்லுங்கள். பேய் என்றால் அமாவாசையும் நடுராத்திரியும் வேண்டும் என்பார்கள். இது நடந்தது பட்டப்பகலில். ஆடிக் கிருத்திகைக்கு மூன்று நாள் முன்னால், மதியம் 1.40லிருந்து 2.31 வரை.

அன்று காலை 11.20க்கே தமயந்திக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. ஏற்றிவிட்டவர் கோதண்டம், ஊரில் பாட்டுக் கச்சேரி ட்ரூப் நடத்துபவர். நுழைந்ததும் நுழையாததுமாக ஒரு கிதார் பெடலை மேஜைமேல் விட்டெறிந்தார். பாதிச் செங்கல் அளவு இரும்புப் பெட்டி. காலால் மிதித்தால் கிதார் சத்தம் கரகரவென்று உறுமும். மறுபடி மிதித்தால் உறுமல் விலகி, வெறும் கிதார் சத்தம் நேராகப் போகும். அவ்வளவுதான் அதன் வேலை.

"மூணாவது தபா! நேத்து கனகம்மாசத்திரத்துல டப்பு டப்புனு வெடிக்குது. சனம் கைகொட்டிச் சிரிக்குது. சால்டர் வெக்கத் தெரியாதவளுக்குக் கடை இன்னாத்துக்கு?"

"அண்ணே, ரெண்டு தபாவும் சரி பண்ணித்தான் குடுத்தேன்..."

"கிருத்திகை மேடையில இன்னொரு டப்பு கேட்டுச்சுன்னா, ஒரு ட்ரூப்காரன் உன் வாசப்படி மிதிக்க மாட்டான். பூட்டிகினு போய்ச் சோறாக்கு!"

கூட வந்த கிதார் வாசிக்கும் பையன் அசோக்குமார், ட்ரூப்பின் ஆம்ப்ளிஃபயரையும் கிதாரையும் சுமந்து வந்து வைத்தான். அவற்றையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லிவிட்டு கோதண்டம் வெளியேறினார். போகும்போது அவன் தாழ்ந்த குரலில் சொன்னான்.

"அக்கா... நான் மிதிக்கறப்ப வெடிக்கல. கோரஸ் பாட மைக்குகிட்ட வாயைக் கொண்டுபோறேன் பாரு, அப்பதான். தூக்கிவாரிப் போட்டுப் பின்னால வந்துடறேன்."

தமயந்தியின் காதில் அது விழவில்லை. சால்டர் வெக்கத் தெரியாதவ... அதுதான் உள்ளே கொதித்துக்கொண்டிருந்தது. பன்னிரண்டு வருஷத் தொழில். ஈயத்தை உருக்கி ஒயரை ஒட்டும் ஒவ்வொரு சால்டரையும் முடிக்கும்போது நுனியை இடப்பக்கமாக ஒரு சுழி சுழித்து எடுப்பாள். கையெழுத்து மாதிரி. மாவட்டத்தில் வேறு எவனுக்கும் அந்தச் சுழி வராது.

1.40. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் பெடலின் அடிமூடியைக் கழற்றினாள். மூடியின் உட்பக்கம் யாரோ ஊசியால் கீறிய பெயர்: விஜயன். யாரோ பழைய சொந்தக்காரன். அவள் கண்டுகொள்ளவில்லை.

மிதிக்கும்போது வெடித்தால் அதற்குக் காரணம் உண்டு. கெபாசிட்டர் வழியாக மின்சாரம் கசிந்து தேங்கும். ஸ்விட்ச் திரும்பும் நொடியில் மொத்தமாகக் கொட்டும். தேங்காமல் வடிய ஒரு ரெசிஸ்டர் வைத்தால் அடங்கும். போன தடவையே வைத்திருந்தாள். அவள் சுழி அப்படியே மின்னியது. பழுது அங்கே இல்லை.

கிதாரைப் பெடல் வழியாக ஆம்ப்ளிஃபயரில் இணைத்து, ரப்பர் பாய்மேல் ஸ்டூலைப் போட்டு, மடியில் வைத்தாள். கம்பிகளை இடது கையால் அமுக்கினாள். விரல் நுனியில் எறும்பு ஊர்வதுபோல் இருந்தது. வலது கையை மேஜை விளக்கின் இரும்புக் கழுத்துக்கு நீட்டினாள்.

டப்!

மணி 1.52. பெடலை அவள் தொடக்கூட இல்லை.

"சனியனே, உன்ன இன்னிக்கு ஒழிக்கறேன்!"

ஸ்விட்சைப் பிடுங்கித் தகர டப்பாவில் எறிந்தாள். பேட்டரியையும் உள்ளிருந்த மொத்த சர்க்யூட்டையும் பிடுங்கினாள். கிதார் நுழையும் துளையிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் துளைக்கு ஒரே ஒரு சிவப்பு ஒயர். சால்டர் வைத்து, சுழித்து எடுத்தாள். இனி அது பெடலே இல்லை. நடுவில் ஓட்டையோடு ஒரு வெற்றுப் பெட்டி.

2.17. கம்பியை மீட்டினாள்.

உறுமியது.

பேட்டரி இல்லை. ஸ்விட்ச் இல்லை. ஆனால் உறுமியது...

டக்.

தகர டப்பாவுக்குள்ளிருந்து. கழற்றிப் போட்ட ஸ்விட்ச். உறுமல் நின்றது.

டக்.

மறுபடி உறுமல். யாரோ நிதானமாகக் காலால் மிதிப்பதுபோல...

வேறு யாராக இருந்தாலும் ஷட்டருக்கு அடியில் உருண்டு ஓடியிருப்பார்கள். தமயந்திக்கு வந்தது கோபம்தான்.

"யார்ரா அது? என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுகினு! தைரியம் இருந்தா எதிர்ல வாடா!"

விளக்கை மூலைக்குத் திருப்பக் கை நீட்டினாள்.

டப்!

கை அந்தரத்தில் நின்றது. மைக்குகிட்ட வாயைக் கொண்டுபோறேன் பாரு, அப்பதான்... அசோக்குமார் சொன்னது இப்போது உறைத்தது.

கையை இறக்கினாள். அமைதி.

நீட்டினாள். டப்!

இறக்கினாள். அமைதி.

நீட்டினாள்...

டப்! டப்! டப்!

2.31. டெஸ்டரை எடுத்துக் கிதார் கம்பியில் வைத்தாள்.

எரிந்தது.

கம்பி முழுக்கக் கரண்ட். ரப்பர் பாய் இருந்ததால் எறும்பு ஊர்ந்ததோடு போயிற்று. இன்னொரு கை அந்த இரும்பு விளக்கைத் தொட்டிருந்தால்...

ஆம்ப்ளிஃபயரின் பிளக்கைப் பிரித்தாள். கசியும் கரண்டை மண்ணுக்கு இறக்கும் எர்த் ஒயரை ஒட்ட வெட்டி, கறுப்பு டேப் சுற்றியிருந்தது.

3.05க்கு அவள் கோதண்டத்தின் குடோனில் நின்றாள். பிளக்கை அவர் காலடியில் வீசினாள்.

"எர்த்த வெட்டினது யாரு?"

"நாந்தான். ஆம்ப்ளிஃபயரு ஊம்முனு இரைஞ்சிகினே இருந்திச்சு. வெட்டனா நின்னுடும். எல்லா ட்ரூப்புலயும் பண்றதுதானேம்மா."

"உள்ள கரண்ட் கசியுதுய்யா! கம்பியில கை, மைக்குல வாய்... இந்தப் பையன் கரிக்கட்டை ஆயிருப்பான்!"

"ஆவலையே."

"ஆவாம பாத்துகினது எவன்? விஜயன் யாரு? பெடல் மூடியில பேரு கீறியிருக்குது."

கோதண்டத்தின் முகம் வெளுத்தது. "எவனோ... அது குடோன் பெட்டியில கெடந்திச்சு."

அசோக்குமார் கையிலிருந்த ஒயர் சுருளைக் கீழே போட்டான். "எனக்கு முன்ன வாசிச்சவருதானே மாஸ்டர்? மணவூர் கச்சேரியில மாரடைப்புல போனாருன்னு சொன்னீங்களே?"

கோதண்டம் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே நடந்தார்.

தமயந்தி தன் கையால் எர்த் கொடுத்தாள். கசிவையும் அடைத்தாள். அசோக்குமார் பெடலே இல்லாமல் கிருத்திகை மேடையில் வாசித்தான். ஒரு டப்பும் கேட்கவில்லை. அவள் பெயர் பிழைத்தது. கோபம் அடங்கவில்லை. மறுநாள் ட்ரூப்காரர்களிடம் விஜயன் வீட்டை விசாரித்து, கடையைப் பூட்டிக்கொண்டு பொதட்டூர்பேட்டைக்கு பஸ் ஏறினாள்.

விஜயனின் மனைவி பானுப்ரியா விசைத்தறியில் நின்றிருந்தாள். தறிச் சத்தத்துக்கு மேல் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"மாரடைப்பா? உதடு ரெண்டும் கருகி இருந்திச்சிக்கா! கேட்டதுக்கு, பொணத்த வெச்சிகினு தகராறு பண்ணாதன்னாரு அந்த ஆளு. மறுநாளே பொதைக்க வெச்சிட்டாரு."

"அந்த ஆள நான் விடப்போறதில்ல. போலீசுக்கு வா. உன் வீட்டுக்காரரு பெடல் எங்கிட்டதான் இருக்குது. மூடியில ஊசியால பேரு கீறினது..."

பானுப்ரியா தறியை நிறுத்தினாள்.



"பேரு கீறனது நாந்தான். ஆனா... உங்கிட்ட எப்படிக்கா இருக்கும்? நாலு வருசம் முன்ன, அவரு காலடியில வெச்சு நாந்தானே பொதைச்சேன்?"

தமயந்தி கடைக்குத் திரும்பியபோது மாலை 5.40. பூட்டு பூட்டியபடி இருந்தது. மேஜையில் பெடல் இல்லை. தகர டப்பாவில் ஸ்விட்ச் மட்டும்.

இரண்டு பெண்களும் புகார் கொடுத்தார்கள். ஆவணியில் ஒருநாள், காலை 10.10, தாசில்தார் முன்னிலையில் தோண்டினார்கள். இரண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவில் கோதண்டம் தலை குனிந்து நின்றார்.

எலும்புகளின் காலடியில் அந்த இரும்புப் பெட்டி இருந்தது. நாலு வருஷத் துரு. ஸ்விட்ச் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஓட்டை.

அடிமூடியை நெம்பித் திறந்தார்கள்.

உள்ளே ஒரே ஒரு சிவப்பு ஒயர். அத்தனை துருவுக்கும் நடுவில், சால்டர் மட்டும் நேற்று வைத்ததுபோல் மின்னியது.

நுனியில்... இடப்பக்கமாக ஒரு சுழி.