கேமராவில் இல்லாத பச்சை

போன வருஷம் ஆடி மாசம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. கன்னியாகுமரியைத் தாண்டி அஞ்சுகிராமம் போகிற வழியில் இருக்கும் ஒரு கடற்கரைக் கிராமத்தில் நடந்தது இது.

நான் ஆரல்வாய்மொழிக்காரி. நாகர்கோவிலில் ஒரு ஜவுளிக்கடையில், சேலைப் பிரிவில் வேலை. பச்சையிலேயே இருபது பச்சையைப் பிரித்துச் சொல்லுவேன். அப்படிப்பட்டவளுக்குப் போட்டோ எடுக்கும் ஆசை வந்து, ஜூம் லென்ஸோடு ஒரு பழைய கேமரா வாங்கினேன். "ஒரு மாசம் கறுப்பு வெள்ளை மோடில் மட்டும் எடுங்க. நிறம் கண்ணைக் குழப்பாது. வெளிச்சமும் வடிவமும் தானாகப் பிடிபடும்" என்று யூடியூபில் ஒருவர் சொன்னார். சரி என்று மாற்றிவிட்டேன்.

மாற்றியதும் கேமராவில் கண் வைத்துப் பார்க்கிற உலகமே கறுப்பு வெள்ளையாகிவிட்டது. கண்ணை வைத்தால் போதும், சுற்றியிருக்கிற சத்தமெல்லாம் குறைந்த மாதிரி இருக்கும். தினமும் பார்க்கிற தெரு, எப்போதோ கனவில் வந்த தெருவாகத் தெரியும். வேலியின் நிழல், ஈரத் தரையின் மினுமினுப்பு, யாரோ ஒருவர் குடையோடு திரும்புவது என்று எல்லாவற்றிலும் மயங்கி நின்றேன். வீட்டில் "பால் பொங்குது" என்று கத்தினாலும் காதில் விழாது.

எனக்குள் ஒரு விளையாட்டும் தொடங்கியது. கேமராவில் தெரியும் சாம்பலைப் பார்த்து, அது என்ன நிறம் என்று சொல்ல வேண்டும். பிறகு கண்ணை எடுத்துச் சரிபார்க்க வேண்டும். பத்துக்கு எட்டு சரியாக வந்தது. கர்வம் வரக் கேட்கவா வேண்டும்!

அன்றைக்கு எனக்கு வார விடுமுறை. மெல்லிய மேகம். சூரியன் இருக்கிற இடத்தில் மட்டும் கடல் வெள்ளியாகக் கிடந்தது. காற்று ஆளைத் தள்ளியது. காற்றாலைகள் சூழ்ந்த எங்கள் ஊர்க்காரிக்குக் காற்று புதிதா என்ன? நான் பாட்டுக்குப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். கரையில் இரண்டு பெண்கள் வெகுநேரமாக நின்றார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அவர்கள் படத்தின் ஓரத்தில் நின்ற இரண்டு கறுப்பு உருவங்கள், அவ்வளவுதான்.

அவர்களில் மூத்தவர் என்னிடம் வந்தார். கையில் இரண்டு செல்போன்கள். ஒன்று அவர் கணவருடையது. சார்ஜில் போட்டுவிட்டு மறந்து மீன் பிடிக்கக் கடலுக்குப் போயிருக்கிறார். விடிவதற்குள் கடல் குணம் மாறிவிட்டதாம். மற்ற மீன்பிடி வள்ளங்கள் எல்லாம் கரை சேர்ந்துவிட்டன. இவருடைய கணவர் போன வள்ளமும், கூட நின்ற பக்கத்து வீட்டு இளம்பெண்ணின் கணவர் போன வள்ளமும்தான் வரவில்லை. ஒவ்வொன்றிலும் இரண்டு பேர். மற்ற மூவரின் போனுக்கும் லைன் கிடைக்கவில்லையாம்.

"மக்கா, அங்கின ஒண்ணு வருது. உன் கேமராவுல கண்டியா? பட்டை பச்சையா சிவப்பான்னு பாத்துச் சொல்லு."

அந்த ஊரில் தூரத்தில் வரும் வள்ளத்தை அதன் பெயின்டை வைத்துத்தான் அடையாளம் காண்கிறார்கள். இரண்டுமே வெள்ளை வள்ளங்கள். முன்பக்கப் பட்டை இவருடையதில் பச்சை, அந்தப் பெண்ணுடையதில் சிவப்பு.

ஜூம் செய்தேன். வெள்ளை வள்ளம், அழுத்தமான சாம்பல் பட்டை. வாழையிலைக்கு வருகிற அதே சாம்பல் என்று பட்டது.

"பச்சைதான் அக்கா. நல்லாத் தெரியுது" என்றேன். சொன்னதோடு நிற்காமல், வள்ளத்தை ஓரமாக வைத்து அழகாக ஒரு படமும் எடுத்துக்கொண்டேன்.

"மாதாவே!" என்று அவர் அழுதுவிட்டார். இளம்பெண் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

அவள் உட்கார்ந்ததைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. சிவப்புக்கும் பல நேரம் இதே சாம்பல்தான் வரும் என்பது எனக்கே தெரியும். மோடை மாற்றினேன். கேமராவுக்குள் கடல் சட்டென்று நீலமானது. பட்டை சிவப்பு.

"அக்கா... தப்பாச் சொல்லிட்டேன். சிவப்பு."

அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அவர் என்னைத் திட்டவில்லை. நேராக அந்தப் பெண்ணிடம் போய்க் கையைப் பிடித்துத் தூக்கினார். "எழும்பு ஏட்டி, உன் ஆளு வந்தாச்சு" என்றார். அதற்குப் பிறகுதான் கடலைத் திரும்பிப் பார்த்தார். பூமி பிளந்து என்னை விழுங்கக் கூடாதா என்றிருந்தது.

வள்ளம் கரைக்கு வந்தது. உள்ளே நாலு பேர். பச்சைப் பட்டை வள்ளம் அலையில் கவிழ்ந்துவிட, அதிலிருந்த இருவரையும் தேடித் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்ததால்தான் இவ்வளவு நேரம். அக்காவின் கணவர் குளிரில் நடுங்கிக்கொண்டே இறங்கினார். அவர் கையில் செல்போனைத் திணித்து, "இத எடுத்துட்டுப் போன்னு எத்தன மட்டம் சொல்லியிருக்கேன்!" என்று ஏசிக்கொண்டே அழுதார் அக்கா. நானும் அழுதேன்.

எல்லாம் அடங்கியதும் போய் மன்னிப்புக் கேட்டேன். "அந்தப் படத்தக் காட்டு" என்றார். பெரிதாக்கிக் காட்டினேன். உற்றுப் பார்த்தார்.

"இதுல பச்சையும் இல்ல, சிவப்பும் இல்ல. பின்ன எப்பிடி மக்கா சொன்ன?"

அவர் விரலை வைத்து எண்ணினார். வெளிச்சமான கடலுக்கு முன்னால் தெளிவாக, கறுப்பாக, நாலு தலைகள். இரண்டு பேர் போன வள்ளத்தில் நாலு தலை. "இருக்கத எண்ணியிருந்தா அப்பவே ரெண்டு பேரும் சேந்து சிரிச்சிருப்போமே" என்றார். குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் இன்னும் வலித்தது.

வடிவத்தைப் பார்க்கப் பழக வேண்டும் என்றுதான் நிறத்தை அணைத்தேன். கண்ணுக்கு முன்னால் இருந்த வடிவத்தை விட்டுவிட்டு, இல்லாத நிறத்தைக் கண்டுபிடித்துச் சொல்லியிருக்கிறேன். இப்போதும் நான் கறுப்பு வெள்ளையில்தான் எடுக்கிறேன். ஆனால் யாராவது என்னை நம்பி ஒன்றைக் கேட்டால், தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிடுகிறேன். நான் சொன்ன ஒரு வார்த்தையில் ஒரு பெண் மணலில் உட்கார்ந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.