மொழிபெயர்க்காமல் விட்டது

அந்நிய முதலீடு எதைப் பார்த்து ஒரு நாட்டுக்கு வருகிறது என்று டிவியில் கோட்டு போட்டவர்கள் வாதாடினால் நான் சேனலை மாற்றிவிடுவேன். வரிச்சலுகை, துறைமுகம், படித்த இளைஞர்கள் என்று அடுக்குவார்கள். எங்கள் மலைக்கு அது வந்தபோது பக்கத்திலேயே நின்றவன் நான். சும்மா நின்றிருந்தால்கூடத் தேவலை.

நாயுடுபுரத்தில் எனக்கு மூன்று அறை ஹோம்ஸ்டேயும் ஒரு ஜீப்பும் உண்டு. மிஷன் பள்ளிக்கூடத்துப் புண்ணியத்தில் இங்கிலீஷும் உண்டு. காப்பிக்கொட்டையைக் கழுவிக் காயவைத்து ஏற்றுமதி செய்ய ஆலை போடவேண்டும் என்று வெளிநாட்டுக்காரர் இருவர் வந்து தங்கினார்கள். இடம் பார்க்க நானே ஓட்டுநர், நானே மொழிபெயர்ப்பாளர். ரோடு, கரண்ட், கூலி எல்லாம் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. பெரும்பாறை ஊருக்குக் கீழே ஓர் ஓடையைக் கண்டதும்தான் மூத்தவர் நின்றார். இது யாருடைய தண்ணீர் என்று கேட்டார்.

ஓடைக்கரையில் ஆரஞ்சும் மிளகும் போட்டிருந்த ஓர் அக்காவிடம் விசாரித்தேன். புருஷன் இல்லை, அந்தத் தோட்டம்தான் அவருக்குச் சோறு. நாலு தோட்டத்துக்காரர்கள் அங்கே முறைவைத்துத் தண்ணீர் எடுத்தார்கள். அவரவர் நாளில் கறுப்பு ஹோஸைச் செருகிக்கொள்வார்கள். எழுத்தில் எதுவும் கிடையாது, சண்டையும் கிடையாது.

"செவ்வாயும் வெள்ளியும் எம் மொறைங்க தம்பி. வெள்ளனே வந்து ஹோஸ மாத்திருவேன். கோடையில இதுல கைவச்சா நாலு குடும்பத்துப் பொழப்பும் போச்சு. அவங்ககிட்ட வெவரமாச் சொல்லிருங்க."

நான் சொன்னது ஒரே வரி: "இந்தத் தண்ணீருக்கு யாரிடமும் பத்திரம் இல்லை."

பொய் இல்லைதான். ஆனால் அதைச் சொல்லும்போது, என் மூன்று அறையும் வருஷம் முழுக்க நிறைந்திருப்பதுதான் மனசில் ஓடியது. மூத்தவர் முதல்தடவையாகச் சிரித்தார். முதலீடு வந்துவிட்டது.

அடுத்த கோடையிலேயே ஆலையின் பெரிய பைப் மேலே உறிஞ்ச, கீழே ஹோஸில் காற்றுதான் வந்தது. சிலருக்கு வேலை கிடைத்தது, ரோடு தார் கண்டது. அதையெல்லாம் எனக்கு நானே பலதடவை சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

அக்கா ஒருநாள் மனுவோடு பஸ் ஏறி என் வீட்டுக்கு வந்தார்.

"அப்பிடி ஒரு மொறை இருக்கறதே தெரியாதுங்கறாங்க கம்பெனில. நெலம் வாங்கறதுக்கு முன்னாடியே சொன்னேன்ல தம்பி? ரெண்டு பாசையும் தெரிஞ்சு அங்க நின்னது நீங்க ஒருத்தர்தான். சாட்சிக்கு ஒரு கையெழுத்துப் போடுங்க, போதும்."

மூன்று அறையிலும் ஆலைக்காரர்கள்தான் தங்கியிருந்தார்கள்.

"என்ன பேசினோம்னு சரியா ஞாபகமில்லைக்கா" என்றேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மனுவை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"பரவால்லங்க தம்பி. எத்தன பேருக்குப் பேசுறீங்க, எல்லாமா ஞாபகம் இருக்கும்?" என்றார்.

நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.