கதீஜம்மாள் கொடுத்த வாக்கு

பள்ளிக்குள் நுழைந்ததும் கதீஜம்மாள் நேராகத் தலைமை ஆசிரியர் அறைக்குப் போகமாட்டார். கழிப்பறைக்குப் போவார். ஒவ்வொரு கதவாகத் திறந்து, தாழ்ப்பாள் விழுகிறதா என்று பார்த்து, குழாயைத் திருகித் தண்ணீரைக் கையில் பிடித்துவிட்டு, ஈரக்கையைச் சேலையில் துடைத்தபடி வெளியே வருவார். அதன் பிறகுதான் யாருக்கும் சலாம், வணக்கம் எல்லாம்.

சங்கரன்கோவிலில் உள்ள அந்த அரசு மேல்நிலைப் பள்ளிக்கு அவர்தான் மேலாண்மைக் குழுத் தலைவர். விசைத்தறியில் இருந்து வரும் துண்டுகளுக்கு வீட்டில் ஓரம் அடிப்பது தொழில். மகள் அங்கே பதினொன்றாம் வகுப்பு. பெற்றோர் கூட்டத்தில் தலைவராக யார் விருப்பம் என்று கேட்டபோது, “அந்த ஃபேன நிப்பாட்டுங்க, ஒண்ணும் கேக்கல” என்று சொல்லத்தான் கை தூக்கினார். கை தூக்கியவர் அவர் ஒருவர்தான்.

வெளியூரில் இருந்து விருந்தினர் யாராவது வந்தால் தலைமை ஆசிரியர் வேதமணி பள்ளியின் வரலாற்றைச் சொல்லுவார். ஓட்டுக்கூரையின் கீழ் சிறிய பள்ளியாக இருந்தது, உயர்நிலையானது, பிளஸ் டூ வந்தது, பிறகு தொழிற்கல்வி வந்தது என்று வரிசையாகப் போகும். ஒருமுறை நடுவில் கதீஜம்மாள் குறுக்கிட்டார்.

“நான் எட்டாப்பு வரைக்கும் இங்கனதான் படிச்சேன். அப்ப பொம்பளப் பிள்ளையளுக்குக் கக்கூஸ் கெடையாது. பெரிய மனுஷி ஆனதும் எங்க வாப்பா வந்து நிறுத்திட்டாவ. அதையும் சேத்துச் சொல்லுங்க டீச்சர்.”

வேதமணி அன்றிலிருந்து அதையும் சேர்த்தே சொல்லுகிறார்.

பள்ளியில் கதீஜம்மாளுக்கு மிகப் பிடித்த இடம் செவிலியர் பயிற்சி வகுப்பு. ஓர் இரும்புக் கட்டில், ஒரு ரப்பர் குழந்தை, ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி. மாணவிகள் கட்டுப் போட்டுப் பழக ஆள் வேண்டுமென்றால் கையை நீட்டிக்கொண்டு கட்டிலில் ஏறிவிடுவார். “பிரஷர் எனக்கு வராதுட்டி. என்னால அடுத்தவுகளுக்குத்தான் வரும்” என்பார்.

போன ஆகஸ்டில் அந்த வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கும் மாரிசெல்வியின் அப்பா பள்ளிக்கு வந்தார். செல்லப்பா, இளையரசனேந்தல் சாலையில் உள்ளடங்கிய ஊர், மானாவாரி விவசாயி. அரையாண்டுத் தேர்வு வரை மாலையில் சிறப்பு வகுப்பு என்று பள்ளி அறிவித்திருந்தது. அது முடிவதற்குள் ஐந்து மணி மினிபஸ் போய்விடும். அடுத்த வண்டி இருட்டிய பிறகுதான்.

“பிள்ள படிக்கணும்னு எனக்கும் ஆசைதான் டீச்சர். அவ வந்து எறங்குத வரைக்கும் நானும் அவ அம்மையும் ரோட்டுலயே நிக்கோம். அங்கன ஒரு லைட்டு கெடையாது. டிசியக் குடுத்துருங்க.”

வேதமணி பதில் சொல்லும் முன்பே கதீஜம்மாள் முந்திக்கொண்டார். “ஒரு வாரம் பொறுங்க அண்ணாச்சி. நான் சரி பண்ணுதேன்.”

எப்படிச் சரி செய்வது என்று அவருக்கே தெரியாது. மினிபஸ் முதலாளி பாண்டிராஜின் வீட்டு வாசலில் போய் நின்றார். “பர்மிட்ல உள்ள நேரத்த மாத்த முடியாதும்மா. மாத்துனா பின்னால வாற வண்டிக்காரன் சண்டைக்கு வருவான்” என்றார் அவர். அதிலும் நியாயம் இருந்தது. வகுப்பை நிறுத்தலாமா என்று ஆசிரியர்களைக் கேட்டார். பாடம் பாதிதான் நடந்திருக்கிறது என்றார்கள். அதிலும் நியாயம்தான்.

அந்த வாரம் அவருக்குச் சரியான உறக்கம் இல்லை. தையல் கோணிக்கொண்டு போயிற்று. அடித்த துண்டுகளைப் பிரித்து மறுபடி அடித்தார். வாப்பா தன்னை நிறுத்த வந்த நாளில், ஒரு வாரம் பொறுங்கள் என்று சொல்ல ஒருவரும் இல்லை. இப்போது சொல்ல ஆள் இருந்தும் என்ன பிரயோசனம் என்று நினைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை மதியம், வேறு வழி தோன்றாமல், சாப்பிட்டுக்கொண்டிருந்த மாணவிகளுக்கு நடுவே போய் உட்கார்ந்தார். “ஏட்டி மாரிசெல்வி, நீயாவது ஒரு வழி சொல்லு.”

அந்தப் பெண் சோற்றைப் பிசைந்தபடி மெதுவாகச் சொன்னாள். “காலைல அதே மினிபஸ்ஸு எங்கள ஏழரைக்கே எறக்கி விட்ருதும்மா. பூட்டுன கேட்டுக்கு வெளியதான் நிக்கோம். ஒம்பது மணிக்குத்தான் தொறக்காவ.”

“இத ஏன்ட்டி ஒருத்தர்ட்டயும் சொல்லல?”

“யாரும் கேக்கலயே.”

கதீஜம்மாள் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, எச்சில் கையோடு தலைமை ஆசிரியர் அறைக்குள் போனார். “சாயந்தர வகுப்பக் காலைல ஏழரைக்கு மாத்திருங்க டீச்சர்” என்றார். “உயிரியல் டீச்சர் புளியங்குடியில இருந்து வரணும், அவ்வளவு காலைல அவங்களால முடியாது” என்றார் வேதமணி. பிறகு, “நானும் அந்தப் பாடம் படிச்சவதான். காலைல நானே எடுக்கேன்” என்றார்.

திங்கட்கிழமை கேட் திறந்து கிடந்தது. மினிபஸ்ஸில் இருந்து மாணவிகள் இறங்கினார்கள். கடைசியாக ஓர் ஆணும் இறங்கினார். செல்லப்பா. மஞ்சள்பையை இடுக்கிக்கொண்டு வகுப்பு ஜன்னல் ஓரமாக நின்று, உள்ளே மகள் நோட்டைத் திறப்பதைப் பார்த்தார்.

“சாயந்தரம் அஞ்சு மணி வண்டிக்கு விட்ருவியளா?”

“விட்ருவோம் அண்ணாச்சி.”

“அப்ப டிசி கெடக்கட்டும்” என்று சொல்லிவிட்டு, சந்தைக்குப் போகவேண்டும் என்று அவர் நடந்தார். தெரு முனை திரும்பும்வரை கதீஜம்மாள் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு வகுப்புக்குள் வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்.

வேதமணி கரும்பலகையில் இதயத்தின் படத்தை வரைந்துவிட்டுத் திரும்பியபோது, கதீஜம்மாள் மேசைமேல் கன்னத்தை வைத்து, வாய் லேசாகத் திறந்திருக்க, நன்றாக உறங்கிக்கொண்டிருந்தார். எழுப்பப் போன மாரிசெல்வியைக் கைகாட்டி உட்காரச் சொன்ன வேதமணி, குரலைத் தாழ்த்திக்கொண்டு பாடத்தைத் தொடர்ந்தார்.