பாத்திமா அக்காவின் கள்ளிச்செடி

“…அது பச்சையா இருக்கிற வரைக்கும் என் புள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுடி. தண்ணி மட்டும் ஊத்திராத!” என்று சொல்லி, பட்டாளத்து மகன் பாலைவனத்திலிருந்து கொண்டுவந்த விரலளவு கள்ளியை என்னிடம் ஒப்படைத்துவிட்டு, மகளின் பிரசவத்துக்காகப் பேரிகை ஊருக்குப் போனார் பக்கத்து வீட்டு பாத்திமா அக்கா.

கிருஷ்ணகிரி வெயிலில், என் ஜன்னல் தொட்டியில் அது காய்வதைப் பார்க்க மனம் கேட்கவில்லை. தினமும் ஒரு டம்ளர் ஊற்றினேன். ஒருநாள் தொட்டுப் பார்த்தால், அடித்தண்டு கூழாக அழுகியிருந்தது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்கோ தபால்காரர் சைக்கிள் மணி கேட்டாலே, தந்தியோ என்று குலை நடுங்கியது.

அக்கா திரும்பியதும் அழுதுகொண்டே சொல்லிவிட்டேன்.

“நுனி பச்சையா இருக்குதா?” என்றார். பதிலுக்கு நிற்காமல் ஜன்னலுக்கு ஓடினார். ஒரு மாதம் நான் பட்ட பயத்தை அவர் வருஷக்கணக்கில் பட்டுக்கொண்டிருக்கிறார் என்று அப்போதுதான் உறைத்தது.

அழுகியதை அரிந்தெறிந்தார். மிஞ்சிய பச்சை நுனியை நாலு நாள் நிழலில் உலர்த்தி, காய்ந்த மணலில் நட்டு, தொட்டியை மறுபடியும் என் வீட்டு ஜன்னலிலேயே வைத்துவிட்டுப் போனார்.