ஆ தெங்கின் கடை முன் நின்ற வரிசை

லே ஹூன் வாழ வந்த வீட்டில் செத்தவர்களுக்குச் சாமான் செய்வதுதான் பிழைப்பு. மூங்கில் சட்டம், பசை, வண்ணத் தாள். அதில் பங்களா, பெரிய கார், வேலைக்காரி. எரித்தால் செத்தவர்களிடம் போய்ச் சேரும். பினாங்கில் பிறந்த எந்தச் சீனனுக்கும் இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. அவளுக்கும்தான். ஆனாலும் வந்த புதிதில் கடையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, புருஷன் சூன் கியாட்டிடம் அவள் கேட்டாள்:

"செத்தவங்க எல்லாரும் ஒரே காரா ஓட்டறாங்க? யாரு காரு எதுன்னு எப்படிக் கண்டுபிடிப்பாங்க?"

"மெல்லப் பேசு. அப்பா படம் மேலதான் மாட்டியிருக்கு" என்றான் அவன்.

லே ஹூன் பார்க்க ஒன்றும் லட்சணமில்லை. முன்பல் இரண்டும் வெளியே நிற்கும். ஒரு வேளைச் சோற்றைக் குழையாமல் வடிக்கத் தெரியாது. கல்யாணத்துக்கு முன் பனியன் அச்சடிக்கும் கடையில் படம் போட்டவள். மீசை வைத்த மீன், குடை பிடித்த பூனை, இப்படி ஏதாவது. ஆனால் கையில் ஒரு கத்தரிக்கோலைக் கொடுத்துவிட்டால் அவளைப் போல இன்னொருத்தி அந்தத் தெருவில் இல்லை. எந்தத் தெருவிலும் இல்லை என்றே சொல்லலாம்.

முதலில் ஒரு செவிட்டுக் கிழவருக்கு வீடு கேட்டு வந்தார்கள். "வீட்டைக் குடுத்தா, கதவைத் தட்டறது கேக்க வேணாமா?" என்று சொல்லி, காதில் வைக்கும் மெஷினைத் தாளில் செய்து கொடுத்தாள். மாற்று பேட்டரியும் உண்டு. அப்புறம் ஒரு தையல்காரிக்குத் தையல் மெஷின். சக்கரத்தைச் சுற்றினால் ஊசி ஏறி இறங்கும். ஊசிக்கு அடியில் பாதி தைத்த ரவிக்கை ஒன்று கிடக்கும். நாய் வளர்த்தவருக்கு நாய். அதுவும் ஒரு காது கடிபட்ட நாய், காற்றடித்தால் வாலாட்டும். வாங்க ஒன்றுமில்லாதவர்கள்கூட அடுத்த தெருவிலிருந்து வந்து வாசலில் நின்று பார்த்துச் சிரித்துவிட்டுப் போவார்கள். கோலாலம்பூரிலிருந்து வந்த ஒருவர், அந்த நாயைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து ஊருக்குக் காட்ட வேண்டும் என்று கேட்டார்.

"பெட்டியில வச்சா அவருக்கு எப்படிப் போய்ச் சேரும்? நாய் காத்துக்கிட்டு இருக்காதா?" என்று அனுப்பிவிட்டாள்.

ஒரு நாள் பீ லியான் வந்தாள். கோக் வாவின் கோப்பிக் கடை முன்னால் தள்ளுவண்டி போட்டு, கொய்த்தியோ என்கிற பட்டை அரிசி நூடுல்ஸ் வறுத்துக்கொண்டிருந்த ஆ தெங்கின் பெண்டாட்டி. ஆ தெங் செத்து ஒரு மாதம் தாண்டியிருந்தது. நாற்பத்தொன்பதாம் நாள் சடங்குக்குச் சாமான் வேண்டும்.

"பங்களா வேணாம். அந்த மனுசன் வீட்ல உக்காந்து நான் பாத்ததே இல்ல. கடையை அனுப்பு."

"வண்டி, அடுப்பு, வாணலி எல்லாமா, ஆ சோ?" என்று கேட்டாள் லே ஹூன். தெருவில் எல்லாருக்குமே பீ லியான் ஆ சோதான், அண்ணி.

"எல்லாம். வாத்து முட்டையும் அடுக்கி வை. ஆனா கடை மட்டும் போய் என்ன செய்ய? திங்க ஆள் வேணாமா? ஆள் இல்லன்னா ஈ ஓட்டிக்கிட்டு உக்காந்திருப்பாரு. அந்தக் கோவத்துல என் கனவுல வந்து கத்துவாரு. வரிசையும் வேணும்."

"வரிசையா?"

"கடைக்கு முன்னால நிக்குமே, அந்த வரிசை."

லே ஹூனுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை, அத்தனை சந்தோஷம். வரிசையைத் தாளில் செய்து யார் பார்த்திருக்கிறார்கள்? மறுநாளே வேலையை ஆரம்பித்தாள். காத்திருக்கிறவன் எப்படி நிற்பான் என்று யோசித்து யோசித்துச் செய்தாள். ஒருவன் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு காலால் மறு காலைச் சொறிந்தான். ஒருத்தி எட்டி எட்டி வாணலியைப் பார்த்தாள். ஒருவன் முன்னால் நிற்பவனின் கழுத்தில் மூச்சு விட்டான். அந்த வரிசையில் அவளும் நின்றவள்தானே, கை தன் பாட்டுக்கு வரைந்தது.

சடங்குக்கு முதல் நாள் காலையில் எல்லாவற்றையும் அஞ்சடியில், கடை வாசலில் கூரை போட்ட நடைபாதையில், காய வைத்தாள். ஆரஞ்சுத் தாளில் தீ, அதன்மேல் கறுப்பு வாணலி, அதற்குள் நெளிநெளியாக வெட்டிய கொய்த்தியோ, ஒவ்வொரு இறாலுக்கும் மீசை. ஆ தெங்கை மட்டும் செய்யவில்லை. அவர்தான் அங்கேயே இருக்கிறாரே.

கோக் வா கோப்பிக் குவளையோடு பார்க்க வந்தான். வரிசையோடு நடந்துகொண்டே தொப்பை குலுங்கச் சிரித்தான். காலைச் சொறிகிறவனிடம் வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"இது யாரு?"

குனிந்து பார்த்தான்.

"இது நான்" என்றான். "உயிரோட இருக்கறவனை எரிக்கப் போறியா நீ?"

லாட்டரிச் சீட்டு விற்கும் சியூ கிம் ஓடி வந்தாள். எட்டிப் பார்க்கிறவள் அவளேதான், கன்னத்து மச்சம் உட்பட. வரிசையில் நின்ற அத்தனை பேரும் அந்தத் தெருவில் சோறு தின்று நடமாடுகிறவர்கள். உயிருள்ளவனைத் தாளில் செய்து எரித்தால் அவனும் கூடவே போக வேண்டியதுதான் என்று பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். சூன் கியாட் தூணைப் பிடித்துக்கொண்டான்.

"நம்ம தொழில்ல இதைவிடப் பெரிய தப்பு இல்ல. இனிமே யாரு நம்ம கடைக்கு வருவா?"

சத்தம் கேட்டு பீ லியான் வந்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கோக் வாவைப் பார்த்தாள்.

"நீ எதுக்குப் பதறுற? ஓசியில ஒரு முட்டை போடுன்னு நின்னவன்தானே. போய் நில்லு."

"ஆ சோ, விளையாடாதீங்க."

"நான் எங்க விளையாடறேன்? நாளைக்குப் பூசாரி வர்றாரு. வரிசை இல்லாம கடையை அனுப்பிட்டு நான் எப்படித் தூங்குவேன்?"

லே ஹூன் உள்ளே போய்ப் பிளேடை எடுத்து வந்தாள். குனிந்து, ஒவ்வொரு முகத்தையும் ஓரம் கிழியாமல் உரித்தெடுத்து, அவரவர் கையிலேயே கொடுத்தாள்.

கோக் வா தன் முகத்தைத் தூக்கிப் பார்த்தான். "மூக்கு எனக்கு இவ்ளோ பெருசா?"

"பாவம் பாத்துச் சின்னதாத்தான் போட்டிருக்கா" என்றாள் சியூ கிம்.

முகமில்லாமல் நின்ற வரிசையைப் பார்க்கவே பயமாக இருந்தது. "போகட்டும், இப்படியே அனுப்பிடலாம்" என்றான் சூன் கியாட்.

"வாய் இல்லாம எப்படிடா திங்கும்?" என்றாள் பீ லியான்.

லே ஹூன் பிளேடைக் கீழே வைத்தாள். பிறகு கேட்டாள்: "ஆ சோ, அவரு கையால சாப்பிட்டவங்கள்ல போய்ச் சேந்தவங்க யாரு யாரு?"

"எங்கம்மா" என்றான் கோக் வா உடனே. பிறகு குரல் இறங்கியது. "சிப்பி போட்டாத் திட்டுவாங்க. போடலன்னாலும் திட்டுவாங்க."

"முகம் எப்படி இருக்கும்?"

"என் முகம்தான். பல்லு மட்டும் கிடையாது."

சியூ கிம் தன் அண்ணனைச் சொன்னாள், ஒரு கண்ணில் பூ விழுந்தவர். சொல்லச் சொல்ல லே ஹூன் வரைந்தாள். பேச்சு பரவியதும் பக்கத்துத் தெருக்காரர்களும் தங்கள் வீட்டில் செத்தவர்களின் படத்தை எடுத்துக்கொண்டு வந்தார்கள். சூன் கியாட்டுக்குப் போன உயிர் திரும்பியது. "செத்தவங்களைச் செத்தவங்களோட நிக்க வைக்கறதுல குத்தமில்ல" என்று தானே மூங்கில் வளைக்க உட்கார்ந்தான். ஒவ்வொருவர் முதுகிலும் பெயர் எழுதி ஒட்டினார்கள். வரிசை அஞ்சடியைத் தாண்டித் தெருமுனை வரை போனது. அப்படி ஒரு வேலையை நான் என் கண்ணால் வேறெங்கும் பார்த்ததில்லை. இருந்த காலத்தில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தவர்கள்கூட அதில் பசியோடு, அழகாக நின்றார்கள்.

மறுநாள் கோயில் திடலில் பூசாரி மணி அடிக்கப் போகும் நேரத்தில் பீ லியான் வரிசையைச் சரிபார்த்தாள்.

"கோக் வா, உங்கம்மாவைப் பின்னால வை. எப்பவும் முந்திக்கிட்டுப் போற பொம்பள."

"எங்கம்மா முன்னாலதான் நிப்பாங்க. அவங்களைப் பின்னால நிக்க வச்சவன் எவனும் கிடையாது."

"அதுவும் சரிதான்" என்று விட்டுவிட்டாள் பீ லியான்.

தீ முதலில் வண்டியில் பிடித்தது. ஆரஞ்சுத் தாள் தீ நிஜமாகவே எரிந்தது, கறுப்பு வாணலி அதன்மேல் ஒரு கணம் அப்படியே நின்றது. லே ஹூன் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். பீ லியான் புகைக்குக் கண்ணைச் சுருக்கியபடி ஓரடி முன்னால் போனாள்.

"இந்தாங்க, ஆளு நிறைய நிக்குது" என்றாள் நெருப்பிடம். "கையை வீசி வறுங்க."