அந்த அம்மாவின் தடித்த குரல்

என் குரல் தடித்த குரல். அதைச் சொல்ல இப்போது எனக்கு வெட்கமில்லை. இருபது வயதில் இருந்தது. மாதா கோயில் கொயரில் என்னைப் பாடகர்களின் பின்வரிசையில் நிறுத்தி, வாயை மட்டும் அசைத்தால் போதும் என்று சொல்லியிருந்தார்கள்.

அந்த நேரத்தில்தான் என் வீட்டுக்காரர், அப்போது வெறும் பக்கத்துத் தெருக்காரர், ஒரு கேசட்டைக் கொண்டுவந்து நீட்டினார். போட்டாதாங் துறைமுகக் கிடங்கில் அவருக்குக் குமாஸ்தா வேலை. கப்பல்காரர் ஒருவரிடம் ஒரு நாள் இரவல் வாங்கி, பபேடான் பஜாரில் ஒரு கேசட் கடையில் நகல் எடுத்திருந்தார். அயர்லாந்துக்கார அம்மா ஒருத்தி, பக்கவாத்தியமே இல்லாமல் பாடிய நாட்டுப்பாடல்கள். தடித்த, நிதானமான குரல். அப்படியே என் குரல்! கடலுக்குப் போனவன் திரும்பாத பாட்டு ஒன்றை அவளோடு சேர்ந்து பாடிப் பாடியே எனக்குத் தைரியம் வந்தது. கேசட் நாடா சிக்கி அறுந்துபோவதற்குள் முன்வரிசைக்கு வந்துவிட்டேன். ஈஸ்டர் தனிப்பாட்டு என்றால் அப்புறம் நான்தான்.

இருபது வருஷம் கழித்து, ஈஸ்டருக்குப் பத்து நாள் இருக்கும்போது, ஆஸ்திரேலியாவிலிருந்து தங்கை ஒரு பெட்டி அனுப்பினாள். அந்த அம்மா இளமையிலிருந்து முதுமைவரை பாடியதெல்லாம் எட்டு சிடிகளில். ஆசை ஆசையாக முதல் சிடியைப் போட்டேன். அதே கடல் பாட்டு. ஆனால் குரல் குருவிக்குரல்.

இது வேறு யாரோ என்றேன். வீட்டுக்காரர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். விஷயம் மெல்ல வெளியே வந்தது. நகல் எடுத்த அன்று கரண்ட் பாதிதான் வந்ததாம். பாட்டை ஓட்டிய மெஷின் மெதுவாகச் சுற்றியிருக்கிறது. பதிவு செய்த மெஷின் பேட்டரியில் ஒழுங்காக ஓடியிருக்கிறது. அதில் குரல் தடித்துப்போய்விட்டது.

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"வேற எடுத்துத் தரலாம்னுதான் அடுத்த நாள் வந்தேன். நீ அதோட சேர்ந்து பாடிட்டிருந்த. மனசு வரல."

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை வருஷம் கரண்ட் இல்லாத மெஷினை நம்பியா பாடினேன்? ஈஸ்டருக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி அனுப்பினேன். அவரோடு பேச்சையும் நிறுத்தினேன்.

தங்கை அவ்வளவு தூரத்திலிருந்து அனுப்பியதைக் கேட்காமல் வைக்கவும் மனசில்லை. தினம் இரண்டு சிடி கேட்டேன். போகப் போக அந்த அம்மாவின் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. எட்டாவது சிடி எழுபது வயதுக்கு மேல் பாடியதென்று கூடவந்த புத்தகத்தில் இருந்தது. கடைசியில் மறுபடி கடல் பாட்டு. என்னையறியாமல் நானும் பாடினேன். எங்கேயும் பிசகவில்லை. அவள் எழுபதில் வந்து சேர்ந்த இடத்தில் நான் இருபதிலேயே நின்றிருக்கிறேன்.

அவர் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். "அந்தக் கேசட் அறுந்துபோச்சே?"

"கேசட் இல்லீங்க. அந்த அம்மாவேதான்."

நான்கு நாளுக்குப் பிறகு அவரோடு பேசியது அதுதான். அப்புறம் செருப்பை மாட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனேன். வேறு ஆள் வேண்டாம் என்றேன். ஆர்கன் வாசிப்பவரிடம், இந்த வருஷம் சுருதியை ஒரு படி கீழே இறக்கி வாசிக்கச் சொன்னேன்.