வோட்டனை வலம் வந்த பதினைந்து நிமிடம்

பதினொரு வருடம் நான் ஒரே அறையில் வாய் திறக்காமல் நின்றிருக்கிறேன். ரைன் நதிக்கரையில் எங்கள் நகரத்தில் இருக்கும் பழம்பொருள் நூதனசாலையில் காவல் வேலை. யாராவது எதையாவது தொட்டால் தடுக்கலாம், கழிவறை எங்கே என்று கேட்டால் கை காட்டலாம். அதற்கு மேல் பேசக்கூடாது என்பது விதி. பேசுவது வழிகாட்டிகளின் வேலை. அவர்கள் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு கூட்டத்தைக் கூட்டி வருவார்கள், சொல்வார்கள், போவார்கள். நான் வாயில் கொழுக்கட்டையை வைத்தவன் மாதிரி சுவரோரம் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

கேட்கக் கேட்க எனக்குக் கோபம்தான் வரும். என் அறையின் நடுவில் ஒரு கல்லறைக் கல் நிற்கிறது. பத்து வயதுப் பிள்ளையின் உயரம், ஆயிரம் வருடத்துக்கு மேல் பழையது. முன்பக்கத்தில் வாளோடு ஒரு இறந்த மனிதன், அவன் காலடியில் ஒரு பாம்பின் வால். வழிகாட்டிகள் முன்பக்கத்தில் நின்றபடியே எல்லாவற்றையும் முடித்துவிடுவார்கள். பின்பக்கத்தில் இருப்பது பழைய கடவுளான வோட்டனாகவும் இருக்கலாம், கிறிஸ்துவாகவும் இருக்கலாம் என்று ஒரு வரி சொல்வார்கள். பிறகு அடுத்த அறை. கோயிலுக்கு வந்து கொடிமரத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போகிற சனத்தை என்ன சொல்வது!

எனக்கு அந்தக் கல்லின் நான்கு பக்கமும் தெரியும். காலையில் கதவு திறக்கும் முன் அறையைச் சரிபார்க்கும்போது அதை ஒரு சுற்றுச் சுற்றுவேன். யாழ்ப்பாணத்துச் சைவ வீட்டில் பிறந்த கால், சாமி நிற்கும் இடத்தைக் கண்டால் தானாகவே சுற்றும். மதிய இடைவேளையில் சாப்பாட்டுப் பெட்டியோடு நூதனசாலை நூலகத்தில் உட்கார்ந்து நாலு வருடம் படித்தேன். ஐரோப்பாவின் வடக்கே இருந்தவர்கள் ஓடின் என்று அழைத்த கடவுள்தான் இந்தப் பக்கத்தில் வோட்டன். அவன் கதை கொஞ்சம் கொஞ்சமாக எனக்குள் நிறைந்தது. ஆனால் யாரிடம் சொல்வது?

மனைவியிடம் சொன்னேன். அவள் மன்னார்க் கத்தோலிக்கப் பெண். ஒருநாள் அவள் குசினியில் லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தபோது, "கிறிஸ்துவெண்டால் கையில ஏன் ஈட்டி? அது வோட்டன்ர ஈட்டியெல்லோ?" என்று கேட்டேன்.

அவள் கத்தியை நிறுத்தவில்லை. "இஞ்சருங்கோ, நாங்கள் மாதாவைச் சோடிச்ச கூட்டில வைச்சு ஊரைச் சுத்தி வாறம். செருப்பைக் கழட்டிப்போட்டுக் கோயிலுக்குள்ள போறம். நேர்த்தி வைச்சு நாள்கணக்கா நடக்கிறம். இதெல்லாம் பைபிளிலயோ கிடக்கு? முந்தி கும்பிட்ட மாதிரித்தானே சனம் பிறகும் கும்பிடும். இதை விளங்கப்படுத்தப் பேராசிரியர் வேணுமோ?"

எனக்கு நாலு வருடப் படிப்பு அந்த ஒரு நிமிடத்தில் தெளிந்தது. அடுத்த வாரமே வழிகாட்டி ஆவதற்கு அன்ட்ராக் என்கிற விண்ணப்பத்தை எழுதிப் போட்டேன்.

கோயில் வீதியில் சந்தித்த ஒரு அண்ணை இதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "அவங்கட சாமியின்ர கதையை அவங்களுக்கே சொல்லிக் குடுக்கப் போறீரோ?"

"ஓம் அண்ணை, சொல்லிக் குடுக்கத்தான் போறன்" என்றேன். வாய்தான் அப்படிச் சொன்னது.

தேர்வுக்கு டெர்மின், அதாவது நாளும் நேரமும், கிடைத்தது. வியாழக்கிழமை. ஜெர்மன்காரருக்கு அது இடிக்கடவுள் டோனாரின் நாள். மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு இரண்டு அறைகள், பதினைந்து நிமிடம். தோற்றால் மறுபடி விண்ணப்பிக்க முடியாது, ஓய்வு பெறும்வரை சுவரோரம்தான். மூவரில் ஒருவர் வழிகாட்டிகளின் பொறுப்பாளர், ஒருவர் ஓய்வுபெற்ற பேராசிரியர். மூன்றாவது, இருபது வருடமாக வழிகாட்டியாக இருக்கும் ஒரு பெண்மணி. என் அன்ட்ராக்கில் 'மொழி போதாது' என்று எழுதியவர் அவர்தான். பிழைகளைக் குறிக்க, அறைக்கு ஒன்றாக, அவர் கையில் இரண்டு தாள்கள்.

முதல் அறை ரோமானியக் கண்ணாடிக் குடுவைகள். பாடமாக்கியதை ஒப்பித்தேன். ஒவ்வொரு வசனத்துக்கும் அந்தப் பெண்மணியின் பேனை ஓடும் சத்தம் கேட்டது. பொறுப்பாளர் கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து நிமிடம் ஐந்து மணித்தியாலமாகப் போனது.

அடுத்தது என் அறை. கல்லுக்கு முன்னால், விளக்கப் பலகைக்குப் பக்கத்தில் நின்று பேசுவதுதான் திட்டம். முறையும் அதுதான். ஆனால் பயத்தில் மூளை வேலை செய்யவில்லை, கால் வேலை செய்தது. பலகையைத் தாண்டி, கல்லை வலக்கைப் பக்கமாக விட்டு, நான் பாட்டுக்குச் சுற்றத் தொடங்கிவிட்டேன். ஒரு சொல்லும் பேசவில்லை. இரண்டு கையும் நெஞ்சருகே வந்துவிட்டன. பின்பக்கம் போன பிறகுதான் நான் செய்துகொண்டிருப்பது என்ன என்று உறைத்தது. தேர்வில் வந்து வோட்டனுக்கு வலம் வருகிறேன்!

மன்னிப்புக் கேட்டுவிட்டு முன்பக்கம் ஓடலாம் என்றுதான் திரும்பினேன். மூன்று பேரும் எனக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தார்கள். பேராசிரியர் குனிந்து பக்கவாட்டைப் பார்த்தபடி வந்தார். முன்பக்கத்தில் தெரிந்த பாம்பின் வாலைப் பிடித்துக்கொண்டே வந்திருக்கிறார். வால் பக்கவாட்டில் வளைந்து உடலாகி, பின்பக்கத்தில் தலையாக முடிகிறது. இந்தப் பக்கமாகச் சுற்றினால்தான் அந்த ஒழுங்கில் வரும்.

அவ்வளவுதான், பாடமாக்கியதைத் தூக்கி எறிந்தேன். "செத்தவன் போன வழியாலேயே நீங்களும் வந்திருக்கிறீர்கள்" என்று தொடங்கினேன். "பாம்பு அவனைக் கொண்டுவந்து விட்ட இடம் இது. இங்கே அவனை வரவேற்க நிற்பவரைப் பாருங்கள். தலையைச் சுற்றிக் கதிர்கள், கையில் ஈட்டி."

பிறகு கதையைச் சொன்னேன். அறிவு வேண்டும் என்று வோட்டன் ஒரு பெரிய மரத்தில் தன்னைத் தானே தொங்கவிட்டான். உடம்பில் ஈட்டிக் காயம். காற்று அடித்தது. ஒருவரும் ஒரு வாய் தண்ணீர் கொடுக்கவில்லை. தன்னைத் தனக்கே பலி கொடுத்துக்கொண்ட கடவுள். இதைக் கேட்டு வளர்ந்த சனத்திடம் ஒரு துறவி வந்து, மரத்தில் தொங்கியவர், விலாவில் ஈட்டியால் குத்தப்பட்டவர் என்று இன்னொரு கடவுளைச் சொன்னால் அவர்களுக்கு யார் நினைவுக்கு வந்திருப்பார்கள்? வோட்டனின் கதையை எழுதி வைத்தவர்களும் கிறிஸ்தவர்கள்தான், ஆகவே எதிலிருந்து எது எதற்குள் போனது என்று சத்தியம் பண்ண ஏலாது என்றும் சொன்னேன். மாதாவின் கூட்டைப் பற்றிச் சொன்னேன். கல் செதுக்கியவனுக்கு இரண்டு கதையும் தெரிந்திருக்கும், அவன் உளி இரண்டுக்கும் பொதுவாக ஓடியிருக்கும் என்றேன்.

இரண்டாம் சுற்று வந்தோம். மூன்றாம் சுற்றில், வோட்டன் மரத்தில் தொங்கிய ஒன்பது இரவுகளை எண்ணத் தொடங்கினேன். முதலாம் இரவு, இரண்டாம் இரவு. என் குரல் உயர்ந்தது. பிழையான ஜெர்மன்தான், ஆனால் ஆறு மாதிரி ஓடியது. ஒன்பதாம் இரவு என்றேன். பொறுப்பாளரின் கைபேசி மணி அடித்தது. நேரம் முடிந்துவிட்டது. விதி விதிதானே, வாயை மூடிக்கொண்டேன். மூவரும் பக்கத்து அறைக்குப் போனார்கள்.

பேராசிரியர் ஏன் அந்தப் பக்கமாகச் சுற்றினேன் என்று கேட்டால் பெரிய விளக்கம் ஒன்றைச் சோடிக்கலாமா என்று யோசித்துக்கொண்டு நின்றேன். திரும்பி வந்ததும் அவர் அதைத்தான் கேட்டார். "எங்கள் கோயிலில் கடவுளை வலப்பக்கம் வைத்துத்தான் சுற்றுவோம். பழக்கத்தில் வந்துவிட்டது" என்று உள்ளதைச் சொன்னேன். அவர் சத்தமாகச் சிரித்தார். "நான் முப்பது வருடம் இந்தக் கல்லின் படங்களைப் பார்த்திருக்கிறேன். இன்றைக்குத்தான் அதைச் சுற்றி நடந்தேன்" என்றார்.

அந்தப் பெண்மணி சிரிக்கவில்லை. தாள்களை என்னிடம் நீட்டினார். முதல் தாளில் இடமில்லாமல் விளிம்பு வரை எழுதியிருந்தது. இரண்டாவது தாளில் ஒரு எழுத்தும் இல்லை.

"உங்கள் வழிகாட்டி அட்டைக்கு நாளை பத்து மணிக்கு டெர்மின் போட்டாயிற்று" என்றார். "அது கிடக்கட்டும். ஒன்பதாம் இரவு என்ன நடந்தது? எனக்குத் தெரியும். ஆனால் நீங்கள் சொல்லிக் கேட்க வேண்டும்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவ்வளவு சந்தோசம். துடைத்துக்கொண்டு கல்லை வலக்கைப் பக்கம் விட்டு நடக்கத் தொடங்கினேன். மூன்று பேரும் பின்னால் வந்தார்கள். ஒன்பதாம் இரவு வோட்டன் குனிந்து பார்த்தான், கீழே அவன் தேடிய அறிவின் எழுத்துகள் கிடந்தன, ஒரு பெருங்குரல் எழுப்பி அவற்றை அள்ளிக்கொண்டு மரத்திலிருந்து விழுந்தான் என்று, அறை முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்.